குவாரி மேட்டு வெள்ளை மண்

சகலை புது சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்த அன்றே மெக்கானிக்குக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. எடை பார்க்க ஒரு கையால் தூக்கினார். கை சும்மா மேலே போயிற்று. கைக்குழந்தைகூட இதைவிடக் கனக்கும்.

"எப்படி இருக்கு சகல?" என்றார் வந்தவர்.

"இருக்கு. கார்பன் பிரேம்தானே? ஒரு கல்லுல மோதினா போச்சு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தச் சைக்கிளில் குறை சொல்ல ஒரு நட்டு அளவுக்குக்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிள் பழுது பார்ப்பவருக்கு நல்ல சைக்கிள் எது என்று தெரியாதா? தெரிந்ததுதான் வினை.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவளைக் கட்டியவர் திராட்சைத் தோட்டக்காரர். மலைச்சரிவு முழுக்க அவருடைய கொடிகள். இளையவளைக் கட்டியவர் மெக்கானிக். பத்துக்குப் பன்னிரண்டு கடை, சுவர் முழுக்கக் கிரீஸ். மாமியார் வீட்டுக்குப் போனால் ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி மூத்த மாப்பிள்ளைக்கு. இவருக்கு முக்காலி. "நீங்க உழைக்கிற உடம்பு, எங்க வேணா உட்காருவீங்க" என்று மாமியார் அதையும் பாராட்டு மாதிரியே சொல்லுவார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே உட்காருவார். உட்கார்ந்த இடம் மட்டும் சுடும்.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். கடைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் முழங்கை நீளத்துக்கு எழுதியிருந்த 1:52.

அந்த வட்டப் பாதையை உண்டாக்கியவர் அவர்தான். மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மண்வெட்டியும் அரிவாளுமாகப் போய் வெட்டியது. கடை வாசலில் கிளம்பினால் ஆற்றங்கரை, பிறகு காட்டு மலை, அதைத் தாண்டினால் சகலையின் திராட்சைச் சரிவு. சரிவின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து பழைய கல் குவாரி மேட்டில் ஏறி இறங்கி, மறுபடி கொடிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்தால் கிளம்பிய வாசலிலேயே வந்து நிற்கலாம். முப்பத்துநாலு கிலோமீட்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை அவர் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்தார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே எவனும் வந்ததில்லை.

இப்போது சுற்றுலா அலுவலகம் பாதையை எடுத்துக்கொண்டது. கடைக்கு எதிரே பெரிய பலகை வைக்கப் போகிறார்கள். மேலே வரைபடம், கீழே 'மிகக் குறைந்த நேரம்' என்று ஒரு நேரமும் ஒரு பெயரும். பாதை தன் தோட்டத்தின் வழியாகப் போவதற்குச் சகலை ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கே ஊர் "பெரிய மனசு, பெரிய மனசு" என்று உருகியது. வெட்டியவன் கையில் காய்ப்புக் காய்த்தது. வழி விட்டவனுக்குப் பேர் கிடைத்தது. சரி, பலகையின் அடியில் வரும் அந்த ஒரு வரியாவது நம்முடையது என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதற்கும் வந்தது வேட்டு.

"பலகை வைக்கிறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் சகல," என்றார் தோட்டக்காரர். "உங்க நேரத்தைத் தொட முடியாது. சும்மா ஒரு ஆசை."

இந்தப் பணிவுதான் மெக்கானிக்குக்கு ஆகவே ஆகாது. திமிராகப் பேசினாலாவது திட்டலாம். பணிவாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

அன்று முதல் வாரா வாரம் அந்தச் சைக்கிள் பராமரிப்புக்கு வந்தது. மெக்கானிக் வாயால் எதுவும் கேட்கமாட்டார், சைக்கிளையே கேட்டுக்கொள்வார். பிரேக் கட்டை தேய்ந்த தேய்ப்பில் வாரத்துக்கு எத்தனை நாள் மலையிறங்கினார் என்று தெரிந்தது. எங்கெங்கே போனார் என்பதை மண் சொல்லிவிடும். காட்டு மலையில் கறுப்பு மண், தோட்டத்தில் செம்மண், குவாரி மேட்டில் வெள்ளை. அந்த வெள்ளை இருக்கிறதே, ஈரத்தில் ஒட்டினால் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகிவிடும். கழுவுகிறவர்கள் பாடு திண்டாட்டம். கழுவுவது மெக்கானிக்கின் மனைவி. கடைக்குப் பின்னால் ஹோஸும் இரண்டு பிரஷும் ஒரு பழைய டூத் பிரஷும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேய்ப்பாள்.

முதல் வாரம் சகலையின் நேரம் இரண்டு மணி இருபது நிமிஷம். அடுத்து இரண்டு பதினொன்று. பிறகு இரண்டு நாலு. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தினால் போதும் என்ற நினைப்பும் ஒருநாள் வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டினார். ஆளைக் கரித்துக்கொட்டலாம், கையில் எடுத்த சைக்கிளுக்குத் துரோகம் செய்ய அவருக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை இன்னும் நன்றாகவே சரிசெய்து அனுப்பினார்.

போன வாரம் இரண்டு மணி ஒரு நிமிஷம் என்று கேட்டதும் அவருக்குப் பொறி தட்டியது. குறுக்கு வழியில் வருகிறான்! தொட்டிக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வழி உண்டு. அதில் இறங்கிவிட்டால் குவாரி மேட்டில் ஏறவே வேண்டாம். நேராக இறக்கத்தில் போய்ச் சேரலாம். நெட்டுக்குத்தான ஏற்றம் மிச்சம். அவனுடைய தோட்டம், அவனுடைய வழி, யார் கேட்பது? ஆனால் வந்த சைக்கிளில் வெள்ளை மண் இருந்தது. அதையும் மெக்கானிக்கின் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல்நாள் ஒட்டியதாக இருக்கும் என்றது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சகலை கிளம்பினார். சுற்றுலா அலுவலகத்து அம்மாள் கடிகாரத்தோடு கடை வாசலில் உட்கார்ந்தார். எதிர்க்கடை பேக்கரிக்காரர் காபி கொண்டுவந்து வைத்தார். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மெக்கானிக் அரைமணி நேரம் பொறுத்தார். "மேல ஒரு வீட்டுல சைக்கிள் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, இறக்கப் பக்கமாகவே எதிர்த்து மிதித்து, டிராக்டர் வழியில் ஏறி, தொட்டிக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்தார்.

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார். ஊர் முன்னால் என்ன சொல்லவேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்துவிட்டார். ஆனால் அந்த வழியில் ஏமாற்றலாம் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். பாம்பின் கால் பாம்பறியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே தொட்டியடியில் அவருக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. சத்தியமாக அன்று அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. போதும், வீட்டுக்குப் போவோம் என்றுதான் டிராக்டர் வழியில் இறங்கினார். கடை வாசலில் வந்து நின்றதும் மனைவி கடிகாரத்தைப் பார்த்து "ஒன்னு அம்பத்திரண்டு!" என்று கத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தார். குடித்து முடிப்பதற்குள் பேக்கரிக்காரர் கட்டிப்பிடித்தார். திரும்பிப் பார்த்தால் அவள் சிவப்புப் பெயின்ட்டும் கையுமாகச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்று பார்த்ததுதான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

சகலை வந்தார். தொட்டியடியில் ஒரு காலை ஊன்றி நின்றார். மூச்சு வாங்கி, குடித்த தண்ணீரில் பாதியைக் கக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். டிராக்டர் வழியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் ஆள் இல்லை. தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

போ, போய்த் தொலை, என்று மெக்கானிக் உள்ளுக்குள் கெஞ்சினார். அவன் மட்டும் அந்த வழியில் இறங்கிவிட்டால் போதும், இந்த உலகத்தில் அவருக்கு ஒரு துணை கிடைத்துவிடும்.

சகலை வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைக் குவாரிப் பக்கம் திருப்பினார். எழுந்து நின்று மிதித்தார். மேட்டின் பாதியில் தள்ளாடி, விழப்போய், மறுபடி மிதித்தார். சாய்வு நாற்காலிக்கோ தோட்டத்துக்கோ கார்பன் சைக்கிளுக்கோ மெக்கானிக்கின் வயிறு இப்படி எரிந்ததில்லை.

அவர் கடைக்கு முன்னதாகவே திரும்பிவிட்டார். சகலை வந்து விழுந்தபோது அந்த அம்மாள் கடிகாரத்தை நிறுத்தினார். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்.

"ஆறு நிமிஷம்!" என்று தரையில் கிடந்தபடியே சகலை சிரித்தார். "சகல, நீங்க மனுஷனா பேயா? உயிரைக் கொடுத்து மிதிச்சும் ஆறு நிமிஷம் பின்னாடி!" எழுந்து வந்து சேற்றோடு கட்டிக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. மெக்கானிக் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. சந்தோஷத்தைத்தான் காணோம்.

"அப்போ பலகைக்கு ஒன்னு அம்பத்திரண்டு, உங்க பேர். சரிதானே?" அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க. கை கழுவிட்டு வந்துடறேன்."

கடைக்குப் பின்னால் மனைவி சகலையின் சைக்கிளை டூத் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாக்கடையில் பால் மாதிரித் தண்ணீர் ஓடியது.

"அக்கா வீட்டுக்காரர் சைக்கிள்ல எவ்வளவு வெள்ளை பாருங்க. செயின்ல எல்லாம் ஏறியிருக்கு."

"நேத்து மழை. ஒட்டத்தான் செய்யும்."

"அன்னைக்கும் முந்தின நாள் மழைதான்."

மெக்கானிக் குழாயைத் திறக்காமல் நின்றார். "என்னைக்கு?"

"என்னைக்குன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் தலை நிமிரவில்லை. "உங்க சைக்கிளையும் நான்தானே கழுவினேன்? கறுப்பு வந்துச்சு, சிவப்பு வந்துச்சு. அத்தோட தண்ணி தெளிஞ்சிருச்சு."

"ஆறு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"பெயின்ட் காயறதுக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. அப்புறம் எங்கம்மா வீட்டுல அந்த முக்காலியில நீங்க உட்கார்றதைப் பார்க்கும்போதெல்லாம், போகட்டும், அது ஒண்ணாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்." பிரஷை உதறினாள். "சுவர் நம்ம சுவருங்க. பலகை ஊர்ப் பலகை. அதுல வேணாம்."

அவர் கையைக் கழுவினார். கிரீஸ் போகிறவரை கழுவினார். பிறகு முன்பக்கம் வந்தார்.

"எழுதாதீங்க மேடம். அது முழுச் சுத்து இல்ல. அன்னைக்குத் தொட்டிகிட்டயே திரும்பிட்டேன். குவாரி மேட்டுல ஏறல."

பேக்கரிக்காரரின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. சகலைதான் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "எந்த வழி? நம்ம டிராக்டர் வழியா?"

"ஆமா."

சகலை விரல் விட்டு எண்ணினார். "மேடு ஏறலேன்னா பதினஞ்சு நிமிஷம் மிச்சம். நான் அப்படி வந்திருந்தா ஒன்னு நாப்பத்திமூணு." இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். முகத்தில் குத்தலே இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது. "ஏன் சகல, குறுக்கு வழியில போயுமா உங்களுக்கு ஒன்னு அம்பத்திரண்டு ஆச்சு?"

கடைக்குப் பின்னாலிருந்து முதல் சிரிப்பு வந்தது. அது மனைவியுடையது. அப்புறம் கூட்டமே சிரித்தது. மெக்கானிக்கின் இரண்டு காதிலும் புகை வந்தது.

"உங்களோடது கார்பன்," என்றார். "என்னோடது இரும்பு."

"அப்போ அடுத்த சனிக்கிழமை மாத்திக்குவோம். நீங்க கார்பன்ல போங்க, நான் இரும்புல வர்றேன்."

பலகையில் சகலையின் பெயரும் 1:58-உம் ஏறின. தோற்றிருந்தாலாவது அந்த மனுஷன் கொஞ்சம் சின்னவனாகத் தெரிந்திருக்கலாம். ஜெயித்த பிறகும் சைக்கிளைக் கொடுக்கிறேன் என்கிறானே என்று மெக்கானிக்குக்கு அதற்கும் எரிந்தது. எரிச்சலோடேயே அடுத்த சனிக்கிழமைக்குச் சம்மதம் சொன்னார்.

அன்று மத்தியானம் மனைவி தின்னர் பாட்டிலையும் ஒரு துணியையும் பட்டறை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார். சிவப்பு போய்விட்டது. அதோடு ஆறு வருஷத்துக் கிரீஸும் போய், கறுத்த சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் பஞ்சர் என்று சொல்வதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரே சொல்லவேண்டியிருக்கிறது.