இரண்டரை இஞ்ச்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய ஒரு நகைச்சுவை வரி. வரி நன்றாக இருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கொஞ்சம் சுமாராக எழுதித் தொலைத்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நானும் இப்போது உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்க மாட்டேன்.

வரியைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓர் ஆரம்பம் வேண்டும்.

2

முதல் ஆரம்பம்: ‘அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பாவின் காய்த்துப்போன கைகள் மாவுக்குள்…’ (வேண்டாம். கைகளை வர்ணித்தால் அடுத்த பத்தியில் அழவேண்டியிருக்கும்.)

இரண்டாவது ஆரம்பம்: ‘என் அப்பா லிப்ட் மெக்கானிக்.’ பரவாயில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வேலைதான். மெஷின் ரூம் ஏணியில் சறுக்கி முட்டி போனபிறகு, கம்பெனி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் போனைக் கொடுத்தது. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், “பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க” என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வருகிற அந்த ஆள் அவர்தான்.

அந்த வருடம்தான் ரொட்டி சுடத் தொடங்கினார். கடை ஈஸ்ட் போடாத சவர்டோ ரொட்டி. மாவையும் தண்ணீரையும் கலந்து கண்ணாடி ஜாடியில் வைத்து, தினமும் கொஞ்சம் எடுத்துப்போட்டுப் புது மாவு ஊட்டி, தானாகவே புளித்துப் பொங்கவைக்க வேண்டும். ஜாடியில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பார். மாவு எந்த உயரத்திலிருந்து கிளம்பியது என்பதற்கு அடையாளம்.

(அடிக்குறிப்பு, அடிவரை காத்திருக்க முடியாததால் இங்கேயே: முதல் ரொட்டியை வெட்டும்போது அம்மா, “உங்க டூல் பாக்ஸ்ல ரம்பம் இருக்குமே, எடுங்க” என்றாள். ஆக, கிண்டலை ஆரம்பித்தது நானில்லை. இந்த வாதம் எடுபடாது என்று எனக்கும் தெரியும்.)

3

பாத்திரப் படைப்பில் சிக்கல். இந்த அப்பா நம்பும்படி இல்லை. ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் குனிந்து காதை அதன் பக்கத்தில் வைக்கிறார். “உஷ்! சத்தம் போடாதீங்க, தோல் வெடிக்குது” என்று அக்காவையும் என்னையும் அடக்குகிறார். லிப்ட் கயிற்றின் சத்தம் கேட்டுப் பழகிய காது என்று ஒரு விளக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கிற அப்பாவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிண்டல் எழுதத் தெரியும்.

எழுதினேன். கல்லூரி இதழில் இரண்டு பக்கம். அந்த வரி:

‘இருபது மாடிக்கு ஆள் ஏற்றிய மனிதரால், அரைக் கிலோ மாவை மூன்று இஞ்ச் ஏற்ற முடியவில்லை.’

(சிரித்தீர்களா? பரவாயில்லை. கேன்டீனே சிரித்தது.)

4

சாப்பாட்டு மேசையில் நானே உரக்கப் படித்துக் காட்டினேன். யாரும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அக்காவுக்குப் புரையேறியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார். பிறகு கேட்டார்:

“மூணு இஞ்ச்னு போட்டிருக்கியே, அளந்தியா?”

“இல்லப்பா. சும்மா, படிக்க நல்லாருக்குமேன்னு.”

“போன வாரம் ரெண்டரை ஏறுச்சு.”

(அதாவது என் வரியில் பிழையில்லை. மூன்று ஏறவில்லைதானே. அந்த நேரத்தில் இதுதான் எனக்குத் தோன்றியது.)

“அவன் ஏதோ கதை விடுறான், நீங்க அதுக்குப் போயி அளவு சொல்லிட்டிருக்கீங்க” என்றாள் அம்மா.

“அதுக்கில்ல. ஒண்ணரைல இருந்துச்சு, இப்ப ரெண்டரை வந்துச்சு. அதச் சொன்னேன்.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அடுத்த ஞாயிறு அந்த ஜாடியில் சர்க்கரை இருந்தது.

“உங்கப்பாதான் கழுவி வெச்சாரு. இடத்த அடைக்குதாம்” என்றாள் அம்மா.

5

முடிவு அ: நானே ரகசியமாக மாவு கலக்கி வைக்கிறேன். ஆறாம் நாள் பொங்கி வழிகிறது. அப்பா அதைப் பார்த்து… (கலக்கினேன். மூன்றாம் நாளே நாறியது. “எங்கயோ எலி செத்துக் கெடக்கு” என்று அக்கா வீடு முழுக்கத் தேடி, கண்டுபிடித்து, கொட்டிவிட்டாள்.)

முடிவு ஆ: ஒருநாள் அப்பாவே சர்க்கரையை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு ஜாடியை எடுக்கிறார். நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

முடிவு இ: மன்னிப்புக் கேட்கிறேன். இதற்குக் கற்பனை தேவைப்படவில்லை. போன வாரம் அவர் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அப்பா, அந்தக் கட்டுரை…”

“எது, லிப்டா? நல்லாதானடா எழுதியிருந்த. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். உனக்கு நல்லா வருது. விட்றாத.”

இதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைப் பிறகு உட்கார்ந்து ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் நன்றாகவே வந்திருக்கின்றன. அன்றைக்குச் சொன்னது:

“சரிப்பா.”

6

முடிவை உங்களிடம் விடுகிறேன். இன்றைக்கு அவருக்கு விடுமுறை. பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கதவு சாத்தவில்லை. ‘நீங்களும் விட்றாதீங்கப்பா’ என்று ஒரே ஒரு வரி. தயவுசெய்து எழுதித் தராதீர்கள். எழுத எனக்கு வரும். யாராவது போய் வாயைத் திறந்து சொல்லுங்கள்.