முழங்கால் தண்ணி

என் மக சிராவுக்குப் பதினோரு வயசு. மழைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து அவ வலது முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கி, காலை நீட்டவே வரல. ஆத்துல மீன் பிடிச்சே பொழைக்கிற போசோ சனம் நாங்க. தோணியில ஏற முடியாத போசோ பிள்ளைன்னா, அதை எங்க போய்ச் சொல்லி அழ? மோப்தி ஆஸ்பத்திரியில நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தா. ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. ஒண்ணுமில்லாமலா பிள்ளை ராப்பகலா துடிக்குது? எனக்கு வந்துச்சே கோபம்.

அங்க இருந்த அந்தாந்துங்கிற டாக்டர்தான் பொறுமையா விளக்குனார். உடம்புக்குக் காவலா இருக்கிற எதிர்ப்பொருள் சிலபேருக்குப் புத்தி கெட்டுப்போய், சொந்த மூட்டையே போட்டு அடிக்குமாம். பெரியவங்களுக்கு அது பெரும்பாலும் ரத்தத்துலயே மாட்டிக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு மாட்டாமலே போயிடும். முழங்காலுக்குள்ள ஊறிக் கிடக்கிற தண்ணிய எடுத்துப் பார்க்கணும்னார். சீழுன்னா ஒரு மருந்து, இதுன்னா வேற மருந்து. தெரியாம குடுத்தா கால் மடங்குனது மடங்குனபடியே நின்னுடும்.

எல்லாம் சரி. அந்த ஊசி போடத் தெரிஞ்சவர் அங்க அவர் ஒருத்தர்தான். அவரோ மலைப்பக்கம் வெங்காயம் போடுற தோகோன் சனம். தோகோனும் போசோவும் ஒருத்தரை ஒருத்தர் கேலியா வாய்க்கு வந்தபடி வையலாம், ரத்தம் மட்டும் சிந்தக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்துச் சத்தியம்.

வெங்காயம் திங்கிற கை என் பிள்ளை மேல படக்கூடாதுன்னேன். மீன் நாத்தம் தாங்காமத்தான் தானும் தள்ளி நிக்கிறதாச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம், "எடுக்கப் போறது தண்ணிதான் அக்கா, ரத்தமில்ல"ன்னார். அரைமனசா தலையாட்டுனேன்.

ஊசி இறங்குச்சு. மஞ்சளாக் கொஞ்சம் தண்ணி வந்துச்சு. திடீர்னு அதுக்குள்ள செக்கச்செவேல்னு ஒரு கீத்து ஓடுச்சு. மனுஷன் முகம் செத்துப் போச்சு, கை அப்படியே நின்னுடுச்சு. இது போதுமான்னு கேட்டேன். போதாதுன்னார். ஊசிய உருவப் போறார்னு தெரிஞ்சுது. சிரா என் கைய இறுக்கிப் பிடிச்சிருந்தா.

நான் அவரை உருவ விடல. "அந்தக் காலத்துப் பஞ்சத்துல உங்க பிள்ளை சாகக் கிடந்தப்ப, எங்காளு தன் தொடைச்சதைய அறுத்துக் குடுத்தான். அதுலதான் இந்தச் சத்தியமே பொறந்துச்சு. யாரும் பறிக்கல, நாங்களாக் குடுத்தோம். இதையும் நான்தான் குடுக்கறேன். இழு."

இழுத்தார். அவர் கண்ணு கலங்கிப் போச்சு.

எதிர்ப்பொருள் அந்தத் தண்ணியிலதான் இருந்துச்சு. சீழ் இல்ல. முடிவு சொன்ன அன்னைக்கு அவர் என்னை வம்புக்கு இழுக்கல. "வேற வேற வயித்துல பொறந்த நாமளே அடிச்சுக்கிறதில்ல. இவ ரத்தத்துக்கு இவ காலோட அப்படியொரு சத்தியம் இல்லாமப் போச்சே அக்கா"ன்னார்.

மருந்து அந்தச் சத்தியத்தை வாங்கிக் குடுத்துச்சு. நேத்து சிரா தானாவே தோணியில ஏறித் துடுப்பை எடுத்தா. நான் கரையில உக்காந்து, சந்தோஷத்துல ஓன்னு அழுதேன்.