குழிக்குள் ஓநாய் இருக்கையில் எழுதியது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லே நகரத்திலிருக்கும் வனவிலங்கு அமைப்பு ஒன்று சிறு புத்தகம் போடுகிறது. எங்கள் ஊர் தன் ஓநாய் பிடிக்கும் குழியைக் கைவிட்டு, அதன் பக்கத்திலேயே ஸ்தூபி கட்டிய கதை அதில் பல மொழிகளில் வரப்போகிறதாம். தமிழுக்கு என்னைப் பிடித்தார்கள். இந்த சாங்தாங் மேட்டுநிலத்துக்கு மருமகளாக வந்து காலம் ஆகிவிட்டது, பத்திரிகைகளில் நாலு கதை வந்திருக்கிறது, அவ்வளவுதான் என் தகுதி. "நல்லபடியா முடியணும் மேடம். படிக்கிறவங்களுக்கு ஓநாய் மேல அன்பு வரணும்" என்றார் அந்த அமைப்பின் பையன்.

அன்பு வரவழைப்பதில் என்ன கஷ்டம் என்று ஒப்புக்கொண்டேன். நேற்று வரை கஷ்டம் இல்லை. இன்று காலை அந்தக் குழிக்குள் நிஜமாகவே ஒரு ஓநாய் விழுந்து கிடக்கிறது. ஊரே கையில் கல்லோடு சுற்றி நிற்கிறது. நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்:

"சாங்தாங்கின் பனிவெளியில் விடியல் மெல்ல" (வேண்டாம். இங்கே விடியல் மெல்ல வராது. மூஞ்சியில் அறைகிற மாதிரி வரும்.)

"ஓநாய்கள் இயற்கையின்" (இதை எப்படி முடித்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கும்.)

"என் நாத்தனார் யாங்ஸோம் நேற்று மாலை தன் மந்தையிலேயே லட்சணமான ஆட்டை ஊருக்காக நேர்ந்துவிட்டாள்."

இது நிற்கும் போலிருக்கிறது. ஆனால் தமிழில் இதைப் படிப்பவர் உடனே அரிவாளை நினைத்துக்கொள்வார். நம் பக்கம் நேர்ந்துவிட்ட ஆடு வெட்டுப்படுகிற ஆடு. இங்கே நேர்ந்துவிட்டால் அந்த ஆட்டை யாரும், எப்போதும் வெட்டக் கூடாது. நெற்றியில் வெண்ணெய் வைத்து, காதில் ஐந்து நிற நாடா கட்டிவிடுவார்கள். கிழடாகித் தானாகச் சாகும் வரை அது ராணி. இதற்கு இங்குள்ள சொல் 'செத்தர்'. உயிர்விடுதலை என்று பொருள். முதன்முதலில் கேட்டபோது என் காதில் 'செத்தார்' என்றுதான் விழுந்தது. யார் செத்தார் என்று பதறிப்போய்க் கேட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி இந்த ஊர் இன்னும் சிரிக்கிறது.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

3

நடந்தது இதுதான். இன்று நடுப்பகலில் லாமா வருகிறார். ஸ்தூபிக்குப் பூஜை. பூஜை முடிந்ததும் குழியின் ஒரு பக்கச் சுவரைப் பிரித்துவிடுவதாக ஏற்பாடு. அதுவரை சுவர் முழுசாக இருக்கும். நேர்ந்துவிட்ட ஆடு லாமாவின் ஆசி வாங்கும்வரை மந்தையோடு கலக்கக் கூடாது. அமைப்புக்காரர்கள் கம்பிவலை போட்டுக் கொடுத்த புதுப் பட்டியிலோ கால் வைக்க இடமில்லை. ஆட்டை எங்கே விடுவது? சுற்றிலும் சுவர், காற்று அடிக்காது, ஸ்தூபி பக்கத்திலேயே இருக்கிறது. குழிக்குள் இறக்கிவிட்டார்கள்.

ஓநாய்க் குழிக்குள், மாலையில், உயிருள்ள ஆடு.

சிரிக்காதீர்கள். தங்கள் கையாலேயே அந்தக் குழியில் ஆட்டைக் கட்டி ஓநாய் பிடித்தவர்கள் இவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எல்லார் மனசிலும் அது ஏற்கெனவே ஸ்தூபி ஆகிவிட்டது. ஓநாய்க்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

4

மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஆடு உயிரோடு இருந்தது. குழியின் ஒரு மூலையில் ஆடு, மறு மூலையில் ஓநாய், விடியும் வரை ஒன்றை ஒன்று பார்த்தபடி. அமைப்புக்காரர்கள் அட்டையிலேயே போட்டுவிடுவார்கள்.

ஆடு செத்துவிட்டது. காதில் நாடா அப்படியே இருந்தது.*

(* யாங்ஸோம் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாடா இன்னும் அவிழல" என்று மட்டும் சொன்னாள். ஒரு துணுக்கு நாடாவைப் பற்றி அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை. புரியாததால் கதைக்குள் சேர்க்காமல் இங்கே வைக்கிறேன்.)

5

ஓநாயைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். எழுதிவிடுகிறேன்.

குழியின் சுவர் உள்பக்கம் சாய்ந்து ஏறும். குதிப்பது சுலபம், ஏறுவது நடக்காது. அது அடியில் வட்டமாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடக் கால் நீளம். முதுகில் பழுப்பும் சாம்பலும் கலந்த ரோமம், கழுத்தருகே வெளிறிப்போய்க் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் உறுமும், பாயும் என்று எதிர்பார்த்தேன். வாலை வயிற்றுக்கடியில் சொருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது. பிறகு கொட்டாவி விட்டது. பயந்தால் நாய்களும் அப்படித்தான் விடும். அந்தக் கொட்டாவியைப் பார்த்தபோது எனக்கு அதன்மேல் அன்பு வந்துவிட்டது. அமைப்புப் பையன் கேட்ட அதே அன்புதான். வந்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் போன பனிக்காலத்தில் யாங்ஸோமின் பட்டிக்குள் புகுந்தது இதுவாகவே இருக்கலாம். சினையாக இருந்த ஆடுகளாகப் பார்த்துக் கடித்துப் போட்டிருந்தது. நானும்தான் அவளோடு உட்கார்ந்து தோலுரித்தேன். வயிற்றுக்குள் குட்டிகள் இருந்தன. இந்தப் பனிக்காலமும் அப்படிப் போனால் அவள் மிச்ச மந்தையை விற்றுவிட்டு லே நகரத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் தங்கை அப்படித்தான் போனாள்.

6

இப்போது நான் ஏன் ஒளிந்திருக்கிறேன் என்பது.

குழியில் விழுந்த ஓநாயைக் கொல்ல எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒரு கல். எல்லா வீடும் எறிய வேண்டும், அப்போதுதான் பாவம் எல்லாருக்கும் பங்காகும். ஒரு வீடு எறியாவிட்டால் மற்ற வீடுகளும் எறியக் கூடாது. நீளமான மரம் ஒன்றைக் குழிக்குள் சாய்வாக இறக்கி ஓநாயை ஏறிப் போக விட்டுவிட வேண்டும். லாமா வந்து பூஜை தொடங்கிவிட்டாலும் அதேதான். அதன் பிறகு அந்த இடத்தில் கல்லே எறியக் கூடாது.

என் கணவர் தோண்டுப் லாரியோடு மணாலிப் பாதையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்த வீட்டுக் கல் என் கையில்.

இதைத் தவிர்க்கத்தான் கதைக்குள் 'மாலினி' என்று ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கொண்டுவந்தேன். "மாலினி கல்லை எடுத்தாள். அவள் கைகள்" (நடுங்கினவா? நடுங்கவில்லையா? மாலினி யார்? இந்த ஊரில் பள்ளிக்கூடமே இல்லை.) மாலினியை அனுப்பிவிட்டேன்.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் எறிகிறேன். எல்லாரும் எறிகிறார்கள். யாங்ஸோம் பிழைத்துக்கொள்கிறாள். அந்தக் கொட்டாவியோடு நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

இரண்டு: மறுக்கிறேன். ஓநாய் போகிறது. தைப் பனியில் திரும்பி வருகிறது. யாங்ஸோம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். என்ன சொல்வாள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று: புத்தகத்துக்கான முடிவு. ஊர் மனம் மாறுகிறது, எல்லாரும் கண்ணீரோடு மரத்தை இறக்குகிறார்கள். இதை எழுதினால் எனக்கு நல்ல பெயர். குழியருகே நின்றவர்களில் கண்ணீரோடு ஒருவரையும் நான் பார்க்கவில்லை. மூக்குதான் எல்லாருக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

7

ஊர்த்தலைவர் நவாங் ஜன்னலைத் தட்டினார்.

"நமா-லே, எல்லாருக்கும் கை மரத்துப்போச்சு. என்ன பண்றீங்க உள்ள?"

"எழுதிட்டிருக்கேன்."

"கடுதாசியா?"

"கதை."

"இப்பவா," என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் முடிக்கிற மாதிரி ஒரு கதையா எழுதக் கூடாதா?"

(நமா என்றால் மருமகள். இங்கே 'லே' என்று சேர்த்தால் மரியாதை. திருநெல்வேலியில் என் அப்பா 'ஏலே' என்று ஆரம்பித்தால் ஓடி ஒளிய வேண்டும். இத்தனை காலத்துக்குப் பிறகும், யாராவது என்னை லே போட்டுக் கூப்பிட்டால் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரியே இருக்கிறது.)

இந்த அடைப்புக்குறி கதைக்குத் தேவையா? தேவையில்லை. கதை ஏன் இப்படி இழுக்கிறது என்று உங்களுக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும். நான் எழுதிக்கொண்டே இருந்தால் லாமா வந்துவிடுவார். லாமா வந்துவிட்டால் யாரும் யாரிடமும் எதையும் மறுக்க வேண்டியதில்லை. இன்னும் இரண்டு பக்கம் வளர்த்தால் ஓர் ஓநாய் பிழைத்துக்கொள்ளும். இதுவரை நான் எழுதிய எதனாலும் ஒரு கொசுகூடப் பிழைத்ததில்லை.

அதனால் இன்னும் சொல்கிறேன். எங்கள் ஏரிக்குக் கோடையில் கருங்கழுத்துக் கொக்குகள் வரும். ஜோடியாக ஆடும். காட்டுக்கழுதைகள் ஜீப்போடு பந்தயம் விட்டு ஓடும், ஜெயித்ததும் நின்று திரும்பிப் பார்க்கும். அவற்றையெல்லாம் நேசிக்க ஒரு செலவும் இல்லை. அவை எதுவும் யாங்ஸோமின் ஆட்டைத் தின்பதில்லை

8

கதவைத் திறந்துகொண்டு யாங்ஸோமே வந்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அதுல நான் இருக்கனா, நோமோ?"

நோமோ என்றால் தங்கச்சி. கோபமாக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு அவள் ஆச்சே, அதாவது அக்கா.

"இருக்கீங்க, ஆச்சே-லே."

"எப்படி இருக்கேன்?"

"கோவமா."

"கோவமாத்தான் இருக்கேன்." கையிலிருந்த உறையைக் கழற்றினாள். "ஆட்டக் குழியில விடலாம்னு சொன்னது யாருன்னு எழுதினியா?"

"இல்ல. யாரு?"

"நான்தான்."

எனக்கு அது தெரியாது. இப்போது எழுதிவிட்டேன். எழுதியதும், மேலே நான் எழுதிய யாங்ஸோம் தப்பானவள் என்று தெரிகிறது. திருத்த நேரமில்லை.

"பசிச்சுது, வந்துது, தின்னுது," என்றாள். "அதுக்கு என்ன தெரியும், காதுல நாடா கட்டினா என்ன, கட்டாட்டி என்ன. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." பிறகு, "ஆனா அது திரும்பி வரும். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?"

"இல்ல ஆச்சே-லே."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"தெரியல."

எழுந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். யாக் மாட்டுக் கன்றையே ஒற்றை ஆளாகப் பிடித்துக் கட்டுகிறவள், நான் அவளுக்கு எம்மாத்திரம். அவள் அடுப்பில் இரண்டு வறட்டியைத் திணித்தாள். "வெறும் வயித்துல எழுதாத," என்று வெண்ணெயை எடுத்து டீயில் போட்டுக் கடைய ஆரம்பித்தாள். நவாங் மறுபடி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "வருவா, வருவா. என்ன அவசரம் உங்களுக்கு," என்று இவள் உள்ளிருந்தே கத்தினாள்.

என்னைக் கூட்டிப்போக வந்தவளா, என்னோடு சேர்ந்து நேரத்தைக் கடத்த வந்தவளா? கேட்டுவிடலாம். கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டைப் பறிகொடுத்தவள் வாயால் ஓநாயை விடச் சொல்ல முடியாது. கொல்லச் சொல்ல நினைத்திருந்தால் வந்தவுடனே சொல்லியிருப்பாள். இதுகூட என் கணக்குத்தானே தவிர அவள் சொன்னதில்லை. அதனால் கேட்கவில்லை.

சற்றுமுன் மேட்டுக்கு அப்பால் வண்டி ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. நான் பேனாவை நிறுத்தினேன். அவள் கடைவதை நிறுத்தவில்லை.

"அது தண்ணி லாரி," என்றாள். "நீ எழுது."

ஏரியே உறைந்து கிடக்கும் இந்த மாதத்தில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை. முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அவள் ஒரு கோப்பை ஊற்றி வைத்திருக்கிறாள், அதைக் குடிக்க வேண்டும்.