சபையே தாய்மாமன்

கிளாட்வின் ஜெபம் பண்ண எழுந்தால் சபையார் முழங்காலை வசதியாக மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அத்தனை நீளம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் தலைமைக் குமாஸ்தா. வாரமெல்லாம் 'மூட்டை இருபது, சிப்பம் நாற்பது' என்று வறண்ட வார்த்தைகளாகவே எழுதிக் கை மரத்துப்போன மனிதர், ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறையை ஆண்டவரிடம் தீர்த்துக்கொள்வார். 'கிருபை' என்று ஒரு சொல்லில் முடிகிற காரியம் அவர் வாயில் 'அளவில்லாத, ஆழங்காணாத, அள்ள அள்ளக் குறையாத கிருபை' ஆகிவிடும். சபைக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான்.

இந்த அடைமொழி ஆசைதான் 1961-ஆம் வருஷம் அவரை வசமாக மாட்டிவைத்தது.

இசக்கியம்மாள் உப்பளத்தில் பெட்டி சுமக்கிறவள், விதவை. ஆறு வருஷத்துக்கு முன் மகள் எஸ்தரோடு வந்து ஞானஸ்நானம் பெற்றாள். அன்றைக்குச் சபைப் போதகரான ஐயர் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார். முள்ளக்காட்டில் இருந்த அவள் அண்ணன் சங்கரலிங்கம் சேதி கேட்டு அவளையே தலைமுழுகினான். அந்த ஆராதனையில் ஜெபித்தவர் கிளாட்வின். 'சகோதரி' என்றால் போதாதென்று, "இன்று முதல் தேவனுடைய குடும்பத்தில் எங்கள் உடன்பிறந்த, ஒரே இரத்தமான, அருமைச் சகோதரி இசக்கியம்மாள்" என்று கண்ணீர் மல்கச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். இசக்கியம்மாள் மட்டும் அதை நம்பினாள்.

அந்த உடன்பிறந்தவள் ஆறு வருஷமாகக் கோவிலில் கடைசிப் பாயில்தான் உட்கார்ந்தாள். பெஞ்சில் இடம் இல்லாமல் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார வேண்டியவர்களுக்குத்தான் இடம் போதவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஆட்டுக்கறிச் சாப்பாடு முடித்து கிளாட்வின் சாய்வுநாற்காலியில் கண்ணயரும் நேரத்தில், தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் வந்து நின்றாள். அதுவும் முன்வாசலில். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எஸ்தருக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு. ஆத்தூர் மாப்பிள்ளை. நம்ம வேதக்காரங்கதான்."

"ஸ்தோத்திரம்! சபை ஜெபித்துக்கொள்ளும்."

"ஜெபம் பண்ணுங்க. அதோட இன்னொரு காரியம். மாப்பிள்ளைக்கு அம்மை கேக்கா: 'தகப்பன் இல்ல, சரி. தாய்மாமனாவது கைபிடிச்சுப் பொண்ணைக் கோவிலுக்குள்ள கூட்டிட்டு வரணும்லா? அதுக்கும் நாதியில்லாத பொண்ணை எடுத்தா எங்க ஊர்ல என்ன பேசுவாக?'ன்னு. நான் சொல்லிட்டேன், எனக்கு அண்ணன் இருக்காரு, கமிட்டிச் செயலாளர்னு."

தமக்குப் பின்னால் வேறு செயலாளர் யாரும் நிற்கிறாரா என்று பார்க்கிறவர்போல கிளாட்வின் திரும்பிப் பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான உடன்பிறந்தவன்னு சொன்னீங்க? ஒரே ரத்தம்னு வேற சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அது வந்து... ஆவிக்குரிய முறையில் சொன்னது."

"சரி அண்ணாச்சி. அந்த முறையிலயே வாங்க. அடுத்த மாசம் கல்யாணம், காலைல பத்தரைக்கு."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி கிருபாபாய் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வெயில்ல வந்திருக்கியளே, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க."

"இருக்கட்டும் மதினி, உப்பளத்துல ஆள் நிக்கி. இன்னொரு நாள் வாரேன்" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் போய்விட்டாள்.

கிருபாபாய் வாசலையே பார்த்துச் சிரித்தபடி நின்றாள். நாத்தனாரே இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷத்தில், அவளை மதினி என்று கூப்பிட ஒரு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை.

"ஏளா, சிரிக்காத. நான் மாமன்னா நம்ம ஹென்றி யாரு?" என்றார் கிளாட்வின். ஹென்றி அவர்களுடைய ஒரே மகன், பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தான்.

"முறைமாப்பிள்ளை" என்றாள் கிருபாபாய். "அதான் அவளுக்கு ஆத்தூர்ல மாப்பிள்ளை அமைஞ்சிட்டே. நம்ம பயலுக்குக் கொடுத்துவைக்கல."



வியாழக்கிழமை கமிட்டி கூடியது. ஏழாவது பொருள், கோவில் மணிக்கு மாற்றுக் கயிறு. எட்டாவது பொருள், தாய்மாமன்.

"ஓய், இன்னைக்குக் கையக் கொடுத்தீர்னா, நாளைக்குப் பேறுகாலத்துக்கு உம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருவா" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"சகோதரின்னா பரலோகத்துல சகோதரி. தூத்துக்குடியில இல்ல" என்று பொருளாளர் விளக்கம் கொடுத்தார்.

இசக்கியம்மாள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்பது நாகரிகம் இல்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் கிளாட்வினே. பேனாவைத் திறந்து ஒரே மூச்சில் எழுதினார்: 'சகோதரி இசக்கியம்மாளின் மகளுக்கு இத்திருச்சபை முழுவதுமே தாய்மாமனாக விளங்குகிறதென்றும், ஆகவே அந்த மேலான பொறுப்பைத் தனி நபர் எவரும் சுமக்க வேண்டியதில்லையென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.'

வாசித்து முடித்ததும் தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை முழுவதும் மாமன்! எவ்வளவு பெரிய காரியம். அதிலும் எவ்வளவு லேசான காரியம்! டீயும் மக்ரூனும் வந்தன. வாயில் போட்ட மக்ரூனைப்போல எல்லாருடைய பாரமும் கரைந்துபோயிற்று.

கல்யாணத்தன்று நல்ல சித்திரை வெயில். கோவில் நிறைந்திருந்தது, ஐயர் பீடத்தருகே புத்தகத்தோடு காத்திருந்தார், மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவக்கவைத்திருந்தான். வெளிவாசலில் எஸ்தர் வெள்ளைச் சேலையில் தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் இசக்கியம்மாள். எதிரே, மாப்பிள்ளையின் அம்மா.

கிளாட்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். 'விளங்குகிறதென்றும்' என்ற இடத்தில் குரல் நன்றாகவே விளங்கியது.

ஆத்தூர் அம்மாள் கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் சரிங்கய்யா. சபைக்குக் கை எங்கன இருக்கு? பொண்ணு எதைப் பிடிச்சிக்கிட்டு நடப்பா?"

கமிட்டியார் வரிசையாகப் பின்னால் நின்றார்கள். தலைமையாசிரியருக்குத் திடீரென்று கோபுரத்தில் ஏதோ பழுது தெரிந்தது. பொருளாளர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"நான் பேராசைக்காரி இல்ல" என்றாள் ஆத்தூர் அம்மாள். "நகை கேட்டனா, நட்டு கேட்டனா? இந்தப் பொண்ணு எங்க ஆளுன்னு சொல்ல ஒருத்தர் வரணும், அவ்வளவுதான். நாளைக்கு என் வீட்டுல ஒரு சொல்லுன்னா, அவளுக்காகக் கேக்க ஒரு மனுசன் வேண்டாமா? அப்படி ஒருத்தரும் இல்லன்னா சொல்லிருங்க. நாங்க மத்தியானப் பஸ்ஸுக்குப் போறோம்."

எஸ்தரின் தோள் மெல்லக் குலுங்கியது.

இசக்கியம்மாள் கிளாட்வினிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அண்ணாச்சி, உங்களை ரொம்பச் சங்கடப்படுத்திட்டேன். ஜெபத்துல சொல்லுதது வேற, வீட்டுல சொல்லுதது வேறன்னு எனக்கு வெளங்கல. படிக்காதவ. நாந்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கிளாட்வின் சமாளித்திருப்பார். அதற்கு அவரிடம் வசனங்கள் இருந்தன. அவள் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். ஒரு மாதமாக அவர் தேடிய விடுதலை இதோ, கேட்காமலே கையில் வந்து விழுந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

'ஆண்டவரே' என்று உள்ளுக்குள் ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஓர் அடைமொழிகூட வரவில்லை. அவர் வாழ்நாளிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுதான்.

"கிருபா" என்று கூப்பிட்டார். "இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பிடி. கை ஒழியட்டும்."

கிருபாபாய் பெண்கள் பக்கத்திலிருந்து வேகமாக வந்து வாங்கினாள். 'ஏகமனதாக' என்ற சொல் வெளியே தெரியும்படி நான்காக மடித்து, அதனால் விசிறிக்கொண்டாள்; அந்தத் தீர்மானத்தால் ஒருவருக்குக் காற்றாவது வந்தது. மறு கையால் இசக்கியம்மாளின் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க, நாம முன்னால போய் உக்காருவோம். மொத பெஞ்சு."

"நான் பாயிலயே..."

"பொண்ணுக்கு அத்தை சொல்லுதேன். வாங்க."

கிளாட்வின் எஸ்தரிடம் கையை நீட்டினார். ஆத்தூர் அம்மாள் அந்தக் கையை ஒரு தடவை, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வழிவிட்டாள்.

எஸ்தர் கொடுத்தது, தாயோடு உப்பளத்துக்குப் போய்வந்த கை. உள்ளங்கையெல்லாம் உப்பு வெட்டிய வெடிப்பு. அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து பெஞ்சு பெஞ்சாக முன்னே ஓடியது. கிளாட்வினின் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. எவ்வளவு சீக்கிரம் பீடத்தை எட்டுகிறோமோ, அவ்வளவு குறைவான கண்கள்.

"மெதுவா நடங்க மாமா" என்று பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "செருப்பு புதுசு. கடிக்கி."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு நடையைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். முணுமுணுத்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க இப்போது நேரம் கிடைத்தது; பார்த்தபோது, குனிந்துகொண்டவை அவர்களுடைய கண்கள்தான்.

ஆர்மோனியக்காரர் பாட்டின் கடைசி அடியை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். மாமனும் மருமகளும் இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தார்கள். பெருமூச்சு விட்டு, மறுபடியும் முதல் அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.