இருவருக்கும் ஐம்பத்தொன்பது

"டோனா டிர்சே, நீங்களும் உங்க தம்பியும் இரட்டைப் பிள்ளைங்களா?"

பதிவாளர் அடாவுத்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். டிர்சே சிரித்துவிட்டாள்.

"அந்தக் கழுதையோட ஒரே வயித்துல ஒன்பது மாசம் இருந்திருந்தா அங்கேயே என் கதை முடிஞ்சிருக்கும்."

"இல்ல, போன வருஷம் உங்க அம்மா இறந்தப்போ கொடுத்த சான்றிதழ்ல பிள்ளைங்க வயசு போட்டிருக்கு. டிர்சே ஐம்பத்தொன்பது, ஜெனேசியோ ஐம்பத்தொன்பது."

"எங்க அப்பா தேதியைக் குளறுபடி பண்ணினவர். உங்களுக்குத் தெரியாததா?"

அடாவுத்தோவுக்குத் தெரியும். அந்த மலைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிறந்து பதினைந்து நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் அபராதம். காப்பித் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு இறங்குவதோ எப்போதாவதுதான். அதனால் தவழ்கிற பிள்ளையைக்கூடப் போன வாரம் பிறந்ததாகச் சொல்லி எழுதிவிட்டு வருவார்கள்.

"எங்க மாமா ஒருத்தர் பல்லு முளைச்சப்புறம் பிறந்தவர்" என்றார் அடாவுத்தோ. "பிரேசில்ல பாதிப் பேருக்கு உண்மையான பிறந்தநாள் எதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இருங்க, முழு நகல் எடுத்துத் தர்றேன்."

டிர்சேயின் மகள் லுவானா இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறாள். கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா அத்தீலியோவில் தொடங்கி டிர்சே வரை, பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று மொத்தம் பதினோரு காகிதங்கள். மூன்று மாத அலைச்சலில் எட்டு கிடைத்துவிட்டன. அம்மாவின் இறப்பு, அப்பாவின் இறப்பு, தன் பிறப்பு ஆகிய மூன்றுதான் பாக்கி. வியாழக்கிழமை கடைசி நாள்.

"ஜெனேசியோவோட பிறப்பு நகலும் ஒண்ணு கொடுத்துடுங்க. அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நாளைக்கு அவன் பிள்ளைங்களுக்கு உதவும்."

அடாவுத்தோ உள்ளே போய்ப் பழைய புத்தகங்களைப் பார்த்து நகல் எடுத்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அக்கா, தம்பி பிறப்பு நகல்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"என்ன?"

"நீங்க பிறந்தது செப்டம்பர் பதினாலு, அறுபத்திரண்டு. பதிஞ்சது மறு வருஷம் நவம்பர்ல. பதினாலு மாசம் லேட்டு. உங்க அப்பா அபராதம் கட்டியிருக்கார்."

"சரி, அதனால?"

"தேதியை மாத்திச் சொல்றவன் எதுக்கும்மா அபராதம் கட்டுவான்? அப்போ உங்க தேதி நிஜம்." அவர் அடுத்த காகிதத்தை மெதுவாகத் தள்ளினார். "தம்பி பிறந்தது பிப்ரவரி ரெண்டு, அறுபத்துமூணு. பதிஞ்சது பிப்ரவரி அஞ்சு. மூணே நாள். மாத்திச் சொல்ல இங்கேயும் இடமில்ல."

டிர்சே விரல் விட்டு எண்ணினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. இன்னொரு தடவை எண்ணினாள்.

இரண்டும் ஒரே வயிற்றில் பிறக்க முடியாது.

"அந்தக் காலத்துல ஊரான் பிள்ளையைத் தன் பிள்ளைன்னு எழுதிட்டு வர்றது சகஜம், டோனா" என்றார் அடாவுத்தோ, குரலைத் தாழ்த்தி. "கோர்ட்டுக்கெல்லாம் யாரு போனா? ரெண்டு சாட்சி இருந்தா போதும். நான் எதையும் கவனிக்கல. காகிதத்தைப் பத்திரமா வச்சுக்குங்க."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

'நான்தான்.' வேறு யோசனையே வரவில்லை. பதினாலு மாதம் ஒருத்தியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்றால், அதுவரை அவள் அந்த வீட்டில் இருந்தாளா? சின்ன வயதிலிருந்து ஜெனேசியோ அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்: "உன்னைக் காப்பிச் செடிக்கு அடியிலேர்ந்து பொறுக்கிட்டு வந்தாங்க." அறுபது வயதிலும் விடவில்லை. விளையாட்டு என்று நினைத்தாளே!

கடைசி இரண்டு வருடம் அம்மா எர்சீலியாவைக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்தக் காது, அந்தக் கணுக்கால், எல்லாம் மனப்பாடம். இப்போது குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஒரு கணம் ஒரே மாதிரி இருந்தது, மறுகணம் இல்லை.

கைப்பேசி துடித்தது. லுவானா. "அம்மா, எல்லாம் கிடைச்சுதா? சொல்லுங்களேன், எனக்குத் தூக்கமே வரல."

நான் அந்த ரத்தம் இல்லை என்றால் இவள் யார்? டிர்சே பதில் அனுப்பவில்லை.

ஜெனேசியோ களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தான்.

"வாம்மா, பொறுக்கி எடுத்த பொண்ணே! பதினோரு காகிதமும் சேர்ந்துடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நகல்களையும் அவன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"என்னை எங்கே எடுத்தாங்கடா? யாரு பெத்தா? உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே இத்தனை வருஷம் சொல்லிக் காட்டினே?"

அவன் பலகையைக் கீழே போட்டான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான். தன் காகிதத்தைத்தான் அதிக நேரம் படித்தான்.

"என்னோடதை எடுக்காதேன்னு சொன்னேன்ல" என்றான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பிப்ரவரி மழை எப்படி இருக்கும்? அப்போ பாலமும் கிடையாது. அப்பா கோவேறு கழுதை மேல ஆத்தைக் கடந்து மூணாம் நாளே போயிருக்கார். உனக்குப் பதினாலு மாசம் கழிச்சுப் போயிருக்கார், அதுவும் உப்பு வாங்கப் போன இடத்துல ஞாபகம் வந்திருக்கும். சொந்தப் பிள்ளையைப் பதிய எவன் டிர்சே அப்படி ஓடுவான்?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் களத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா?"

"பெத்தவ வீட்டு ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். அதான் ஓட்டம்." அவனும் உட்கார்ந்தான். "அறுவடைக்கு வந்துட்டு ஊருக்குத் திரும்பாம நம்ம கொட்டகையில தங்கின பொண்ணாம். பெத்ததும் பிள்ளையை விட்டுட்டுப் போயிடுச்சாம். அம்மாகிட்ட உனக்குப் பால் இருந்தது. அதுலயே என்னையும் சேர்த்துக்கிட்டாங்க."

"அம்மா சொன்னாங்களா?"

"பாதிரியார், என் கல்யாணத்தப்போ. சர்ச்சுல கல்யாணம்னா ஞானஸ்நானச் சீட்டு கேப்பாங்க. நீ சர்ச் பிடிக்காத உன் புருஷனுக்காகப் பதிவுக் கல்யாணத்தோட நிறுத்திட்டே, அந்தச் சீட்டு உனக்குத் தேவைப்படல. பதிவு ஆபீசுல அப்பா பொய் சொல்லிட்டார், ஆனா ஞானஸ்நானத்தப்போ பாதிரியார்கிட்ட பொய் சொல்ல அம்மாவுக்கு வாய் வரல. தாய், அல்சீரான்னு எழுதியிருக்கு."

"அம்மாகிட்ட கேக்கலையா?"

"எதுக்கு? அவங்க அவ்வளவு பாடுபட்டு மறைச்சதை..."

"அப்புறம் ஏண்டா என்னைக் கிண்டல் பண்ணினே?"

"சின்ன வயசுல சும்மா. கல்யாணத்துக்கப்புறம் நிறுத்தினா நீ ஏன்னு கேப்பே. உன்னையே சொல்லிக்கிட்டிருந்தா யாரும் என் பக்கம் திரும்ப மாட்டாங்கன்னு..."

கைப்பேசி மறுபடி துடித்தது. ஜெனேசியோ அதையே பார்த்தான். அறுபது வயது ஆள், வாத்தியார் முன்னால் நிற்பவனைப் போல.

டிர்சே எடுத்தாள். "கிடைச்சுடுச்சும்மா. என்னோடது, தாத்தா பாட்டியோடது. மூணும் இருக்கு."

"மாமாவோடது?"

"மாமாவுக்கு வேண்டாமாம். அவரு இங்கேதான் இருப்பாராம்."

பேசிவிட்டு வைத்தாள். அவனுடைய நகலை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் திணித்தாள். அவன் எழுந்து பலகையை எடுத்தான். இரண்டு வரிசை கிளறினான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"ஒரு பேரு மட்டும் இருந்தா, அடாவுத்தோ தேடித் தருவாரா?"

"அல்சீராவா?"

"ம். இப்போ எண்பது இருக்கும்."

"தேடலாம். பிறப்புப் புத்தகம், கல்யாணப் புத்தகம், இறப்பு—"

"கல்யாணப் புத்தகத்தை முதல்ல பாக்கச் சொல்லு" என்று அவன் அவசரமாகக் குறுக்கிட்டான். "இறப்பைக் கடைசியாப் பாக்கச் சொல்லு, டிர்சே. கடைசியா."