தோட்டத்தில் கிடந்த பெஞ்சு

சிமென்ட் மூட்டையைத் தூக்கி இடுப்பு போயிருந்தால் நாலு பேர் மதித்திருப்பார்கள். டைல்ஸ் ஒட்டுகிற எனக்கு டிஸ்க் பிதுங்கியது, கீழே விழுந்த டிவி ரிமோட்டை எடுக்கப்போய். கேட்டவர்களிடமெல்லாம் மூட்டை என்றே சொல்லி வைத்தேன்.

வலி எப்போதோ குறைந்துவிட்டது, பயம்தான் குறையவில்லை. குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று விறைத்துக்கொண்டே திரிந்தேன். என் இரண்டரை வயது மகள் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தூக்கு" என்பாள். நான் கொடிக்கம்பம் மாதிரி நிற்பேன். கொஞ்ச நாளாக அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குனியப் பழக்க, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் என் கண்ணை மறைத்து, கம்ப்யூட்டர் காட்சி தெரியும் வி.ஆர். பெட்டி ஒன்றை மாட்டிவிட்டாள். அடேயப்பா, எதிரே ஆப்பிள் தோட்டம்! பழங்களை எடுத்துக் கூடையில் போட வேண்டுமாம்.

"என்னண்ணே, மேல இருக்கறதையே பறிக்கிறீங்க? கீழ கிடக்கறத யாரு எடுக்கறது?"

"அதெல்லாம் அழுகலும்மா."

"கம்ப்யூட்டர் பழம் அழுகாதுண்ணே. முட்டிய மடக்குங்க, மூச்ச விடுங்க, குனிங்க."

மகளோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது. ரோஷத்தில் நாலைந்து பழம் பொறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பயத்தில் வியர்த்துக் கொட்டியது. மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

பெஞ்சு தோட்டத்தில்தான் இருந்தது. அறையில் இல்லை.

தொப்பென்று ரப்பர் விரிப்பில் விழுந்தேன். "ஐயோ, போச்சே, இடுப்பு போச்சே!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிசியோ பெண் ஓடிவந்து பெட்டியைக் கழற்றினாள், காலை அசைத்துப் பார்த்தாள், முதுகை அமுக்கிப் பார்த்தாள்.

"எங்கண்ணே வலிக்குது?"

தேடிப் பார்த்தேன். உட்கார்ந்த இடம் எரிந்ததே தவிர வேறெங்கும் வலி இல்லை.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ரிமோட்டு எடுத்தப்பகூட இவ்ளோ கத்தலியே நீங்க!"

எட்டிப் பார்த்த அத்தனை பேர் முன்னாலும் என் மானம் கப்பலேறியது.

மகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து நின்றதும் ஓடிவந்து கையை நீட்டினாள். "அப்பா, தூக்கு!"

பிசியோ பெண்ணைப் பார்த்தேன். "பழம் எடுத்த மாதிரிதாண்ணே. உடம்போட அணைச்சுத் தூக்குங்க."

முட்டியை மடக்கினேன், மூச்சை விட்டேன், தூக்கினேன். கனத்தாள். நான் தூக்காத நாட்களில் பிள்ளை வளர்ந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவ விழு."