ஆணி டப்பா

பரங்கிக்காயின் மண்டையில் கத்தியை இறக்கி, அதன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள் கார்லா. காய் இரண்டாகப் பிளந்தது. முன்னறைக் கட்டிலில் கிடந்த அப்பா அந்தச் சத்தத்துக்குக் கண் திறந்தார். காலையிலிருந்து மூடியே கிடந்த கண்.

"இந்த வருஷம் குக்கி நான் போடறேன்ப்பா," என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நம்ம தோட்டத்துக் காய்தான். கவலப்படாதீங்க."

ஆர்வில் கெட்ஸுக்கு எண்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் கிடந்தது போதும், வீட்டில் சாகிறேன் என்று பிடிவாதமாக வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில், ஆடிக்கொண்டிருந்த இரண்டாவது படியில் கால் மடங்கி விழப் பார்த்தாள். அந்தப் படி ஜூன் மாதத்திலிருந்து ஆடுகிறது.

அக்டோபர் பிறந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆர்வில் நினைவு வந்துவிடும். பரங்கி, பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டு அவர் சுடும் குக்கி, அந்த மெத்தென்ற பிஸ்கட், கடித்தால் பல்லுக்கு வேலை வைக்காது. இலையுதிர்காலத் திருவிழாவில் பதினாறு முறை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியது. ஊரைச் சுற்றிப் பரங்கி வயல்தான். அத்தனையும் போவது, பரங்கியை விழுதாக்கித் தகர டப்பாவில் அடைக்கும் ஊர்க்கோடி ஆலைக்கு. அந்த ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர், டப்பாவில் வருவதை நாய்கூடத் தின்னாது என்று நடுத்தெருவில் நின்று சொல்வார். தன் குக்கிக்குத் தன் தோட்டத்துக் காய்தான் என்பார். கொட்டிலில் வைக்கோலின் மேல் காய்களை அடுக்கி வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் இரண்டைத் தோளில் சுமந்துகொண்டு, எதிர்வீட்டு வில்மா பார்க்கும்படி முற்றத்தைக் கடந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். மாவு பிசைய, தட்டில் உருட்டி வைக்க மட்டும் கார்லாவைக் கூப்பிடுவார். அதற்குள் பரங்கி விழுது கிண்ணத்தில் தயாராக இருக்கும்.

அப்பாவின் உதடு அசைவது தெரிந்தது. கார்லா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் குனிந்தாள்.

"கேன்," என்றார் அப்பா.

"என்னப்பா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. விரலைத் தூக்கிப் பின் ஜன்னலைக் காட்டினார். வெளியே மேப்பிள் மரம் செக்கச் செவேலென்று நின்றது. "கேன்," என்றார் மறுபடியும். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு அந்தக் கை கனத்துப்போனது.

கேன். முடியும் என்று அர்த்தம். உன்னால் முடியும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கார்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். அப்படிப்பட்டவளைப் பார்த்து அந்த மனிதர் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஒன்றுதான்: விடு, கர்ட் வரட்டும். புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோனால், கர்ட் வரட்டும். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிப்போனால், கர்ட் வரட்டும். பியோரியா நகரத்தில் இருக்கும் அண்ணன் கர்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூடியைத் திறந்துவிட்டுப் போவான். படியை அவள் சரிசெய்கிறேன் என்று சுத்தியலை எடுத்தபோதும் அப்பா அதைத்தான் சொன்னார். அவளும் சுத்தியலை வைத்துவிட்டாள்.

அதனால்தான் அவள் அந்தச் சொல்லை எல்லோரிடமும் சொன்னாள். சாயங்காலம் வந்த கர்ட்டிடம் சொன்னாள். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. "உங்கிட்டயா சொன்னாரு?" என்று கேட்டான். போதகரிடம் சொன்னாள். அவர் தன் சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். சாவுச் சாப்பாட்டுக்குப் பொறுப்பெடுத்த வில்மாவிடமும் சொன்னாள்.

"எதுக்கு கண்ணு இந்த நேரத்துல உனக்கு இந்தக் கஷ்டம்?" என்றாள் வில்மா. "நான் டப்பாவுல வாங்கி ரெண்டு தட்டு சுட்டுடறேன்."

"டப்பாவா? எங்கப்பா பெட்டியிலேருந்து எந்திரிச்சு வந்திடுவாரு வில்மா. நான் பாத்துக்கறேன். முடியும்னு அவரே சொல்லியிருக்காரு."

வெள்ளிக்கிழமை காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள். அடக்கம் மறுநாள். முதல் தட்டு வெளியே வந்தபோது குக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டையாக, ஓரம் தீய்ந்து, நடுவில் ஈரக் களியாக இருந்தன. காயில் தண்ணீர் அதிகம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த காயை வேகவைத்து மசித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வடியவிட்டாள். இரண்டாவது தட்டு கொஞ்சம் எழும்பியது. வாயில் போட்டால் ஒரே நார். பட்டையும் கிராம்பும் மட்டும் தெரிந்தன, பரங்கி எங்கே போனது என்றே தெரியவில்லை. முப்பது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு அவமானமாக இருந்தது. முடியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், முடியவில்லையே என்று அந்தக் குக்கியைப் பார்த்தே சொன்னாள்.

காயில்தான் கோளாறு, வேறு நல்ல காயாகப் பார்த்து எடுக்கலாம் என்று கொட்டிலுக்குப் போனாள்.

பெரிய காய் ஒன்று அலமாரியின் அடித்தட்டில் உள்ளே தள்ளி இருந்தது. முன்னால் ஆணி டப்பாக்கள் வரிசையாக நின்றன. லேபிள் இல்லாத தகர டப்பாக்கள். ஒன்றில் ஒன்றரை அங்குல ஆணி, ஒன்றில் திருகாணி, ஒன்றில் வளைந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற டப்பாக்கள்தான். ஆலையில் வேலை பார்த்தவன் கொட்டிலில் காலி டப்பா இருப்பதை யார் பெரிதாக நினைக்கப்போகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பின்வரிசையில் கை வைத்தபோது டப்பா வரவில்லை. கனத்தது. மூடி இன்னும் திறக்கப்படவில்லை. அதற்குப் பக்கத்திலும் அப்படியே. மொத்தம் பதினொன்று.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆலை ஆண்டுக்கு ஒரு பெட்டி கொடுக்கும். லேபிள் ஒட்டாத சரக்கு. அதை அப்படியே தேவாலயத்துத் தானத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் பெருமையாகச் சொல்வார்.

ஒன்றைச் சமையலறைக்குக் கொண்டுவந்து திறந்தாள். விழுது கரண்டியில் அள்ளினால் கரண்டியிலேயே நின்றது. நல்ல செம்மஞ்சள். நாற்பது வருடமாகக் கிண்ணத்தில் தயாராக இருந்த அதே விழுது.

அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் தகர டப்பாவுக்கும் கேன் என்றுதான் பெயர்.

அப்பா விரல் நீட்டிய பின் ஜன்னலைப் பார்த்தாள். மேப்பிள் மரத்துக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், கொட்டில் இருந்தது.

கார்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அப்பா செத்த அன்று வந்ததைவிட அதிகமாக வந்தது. மனிதர் உயிர் போகிற நேரத்திலும் அவளைத் திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தோட்டத்துக் காயைத் தொடாதே, டப்பாவை எடு என்று. அதைப் போய் ஆசீர்வாதம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக்குப் போதகர் மேடையிலும் சொல்லப்போகிறார். போனை எடுத்துப் போதகரின் எண்ணில் பாதி வரை அழுத்தினாள். என்னவென்று சொல்வது? ஆர்வில் கெட்ஸின் கடைசிச் சொல் தகர டப்பா என்றா? போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு மாவு சலித்தாள்.

இரண்டு டப்பா விழுதில் ஆறு தட்டு வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் குண்டு குண்டாக எழும்பி, விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கி மறுபடி மேலே வந்தன. வாசம் தெரு வரை போயிருக்க வேண்டும். வில்மா தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

கெட்டுப்போன இரண்டு தட்டுக் குக்கியைப் பக்கெட்டில் கொட்டிப் பின்வேலிக்குக் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் மெர்ல் கிழவர் பன்றி வளர்க்கிறார்.

"உங்கப்பா வருஷா வருஷம் காயத்தான் கொண்டாந்து கொட்டுவாரு," என்றார் மெர்ல், பக்கெட்டை எட்டிப் பார்த்து. "ரெண்டா வெட்டி, விதைகூட எடுக்காம. மிச்சம்பாரு. நானும் ஒண்ணும் கேட்டுக்கறதில்ல."

"நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல," என்றாள் கார்லா.

கிழவர் தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை போதகர் அதைச் சொல்லத்தான் செய்தார். ஒரு தந்தை தன் மகளுக்கு விட்டுச்செல்லக்கூடிய மிகச் சிறிய, மிகப் பெரிய சொல் என்றார். முன்பெஞ்சில் கார்லா நேராகப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ மூக்குச் சிந்தினார்கள். கர்ட் அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கை அவளுக்குச் சுட்டது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடை இறைச்சி, உருளைக்கிழங்கு, சீஸ் போட்டு வேகவைத்த பீன்ஸ், ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் கொண்டுவந்தவர் பெயர் எழுதிய டேப். குக்கித் தட்டுகள் மட்டும் அரைமணி நேரத்தில் காலியாயின. வில்மா நாலாவதைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்பா செய்ததுபோலவே இருக்கிறது என்று வந்தவர் ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

கர்ட் வாயில் ஒன்றும் கையில் இரண்டுமாக வந்தான். "தோட்டத்துக் காய்னா அது தனிதான். டப்பாவுல வருமா இது? அம்மா சாகறவரைக்கும் சொல்வா, அந்த விழுத எப்படி அரைக்கறார்னு எனக்கே காட்டமாட்டேங்கறாருன்னு. நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். சிரிச்சுட்டுப் போயிடுவாரு."

கார்லா அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியவில்லை. எந்த மூடியையும் திறக்கக் கூப்பிட்ட மகனுக்கு இந்த ஒன்றைச் சொல்லவில்லை. நாற்பது வருடமாகக் காத்த மானத்தை, மிச்சமிருந்த இரண்டு மூச்சில், அவளை நம்பி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை ஊர் சிரிக்கவிடாமல் காப்பாற்ற அவளால் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றான் கர்ட். "சொல்லிக் குடு."

"காயைப் பாத்து எடுக்கணும்," என்றாள் கார்லா. "அதுலதான் இருக்கு எல்லாம்."

ஞாயிற்றுக்கிழமை கர்ட் கிளம்பினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் இரண்டாவது படியில் தடுமாறிக் கைப்பிடியைப் பற்றினான்.

"இத யாராவது பாக்கணுமே. விடு, அடுத்த மாசம் வரும்போது நான் வந்து..."

அவள் ஏற்கெனவே கொட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் டப்பாவும் இருந்தன. டப்பா புதிது. வெள்ளிக்கிழமை கழுவிக் கவிழ்த்தியது, இப்போது பாதி வரை ஆணி. கர்ட் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையசைத்துவிட்டுப் போனான்.

கார்லா முதல் படியில் உட்கார்ந்து பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு ஆணியை இறக்கினாள். நான்கு அடியில் முதல் ஆணி தலை வரை போய்விட்டது. எதிர்வீட்டில் வில்மா திரைச்சீலையை விலக்குவது தெரிந்தது. அடுத்த ஆணிக்காக டப்பாவை அருகில் இழுத்தாள். நன்றாகக் கழுவியிருந்தும் உள்ளே இன்னும் லேசாகப் பரங்கி வாசம் இருந்தது.